டப்ளினில் குடும்பத்தோடு ஊர் சுற்றலும் பப் உலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பப்புக்குள் விடுவார்களா?

விடுவார்கள். நேரம்தான் கணக்கு. அயர்லாந்துச் சட்டப்படி 15 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருந்தால் பப்பில் உட்காரலாம். ஆனால் 18 வயது நிரம்பாத யாரும் இரவு 9 மணிக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை இது 10 மணி. பாதிச் சாப்பாட்டில் இருக்கிறோம் என்று சொன்னாலும் நடக்காது; சாப்பாட்டோடு நடக்கும் தனி விருந்துக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. கடைக்காரர் நினைத்தால் இன்னும் முன்பே, 6 மணிக்கோ 7 மணிக்கோ, பிள்ளைகளை அனுப்பச் சொல்லலாம். கூட்டம் நிறைந்த வெள்ளி, சனிக்கிழமைகளில் நகர மையத்துக் கடைகள் பல அப்படித்தான் செய்கின்றன. ஆகவே உள்ளே நுழையும்போதே “பிள்ளைகள் எத்தனை மணி வரை இருக்கலாம்?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு எழுந்து போவது எல்லோருக்கும் சங்கடம்.

வீட்டில் 18 முதல் 20 வயதுக்குள் யாராவது இருந்தால் அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கட்டும். இரவில் வயதுச் சான்று இல்லாமல் பப்பில் இருப்பது அவர்களுக்கும் சிக்கல், கடைக்காரருக்கும் சிக்கல்.

அப்படியானால் பப் உலாவை எப்படித் திட்டமிடுவது?

பகலுக்கு மாற்றிவிடுங்கள். டப்ளினின் பழைய பப்புகள் மதியம் 12 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில்தான் குடும்பத்துக்கு ஏற்றவை: உட்கார இடம் கிடைக்கும், சமையலறை ஓடிக்கொண்டிருக்கும், மர வேலைப்பாட்டையும் கண்ணாடிகளையும் நின்று பார்க்கலாம், பேசினால் காதில் விழும். இரவு 8 மணிக்குப் பிறகு அதே கடையில் நிற்கத்தான் இடம் இருக்கும். இரண்டு காட்சி இடங்களுக்கு நடுவே ஒரு பப், அதில் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு இரண்டு பப் போதும். மூன்றாவதில் அவர்கள் மேசைக்கு அடியில் இருப்பார்கள்.

சமையலறை எப்போது மூடும் என்பதையும் கவனியுங்கள். பப் நள்ளிரவு வரை திறந்திருந்தாலும் சாப்பாடு 8, 9 மணிக்கே நின்றுவிடும். சாப்பாடே போடாத நல்ல பப்புகளும் உண்டு. அங்கே பொரித்த உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்தான் கதி.

மூன்று நாள் இருக்கிறோம். எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது?

நகர மையம் சின்னது. டிரினிட்டி கல்லூரியிலிருந்து கிறைஸ்ட் சர்ச் பேராலயம் வரை டேம் தெரு வழியாக ஒரு கிலோமீட்டர்தான். அந்த ஒரே தெருவை அச்சாக வைத்துக்கொண்டால் முதல் நாள் முடிந்தது.

காலையில் டிரினிட்டி. 1592இல் தொடங்கிய கல்லூரி. இங்கேதான் சுமார் கி.பி. 800இல் எழுதப்பட்ட கெல்ஸ் நற்செய்திச் சுவடி இருக்கிறது. முன்பதிவு செய்து, அன்றைய முதல் நேரத்தை எடுங்கள். ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: பழைய நூலகத்தின் 65 மீட்டர் நீள மண்டபத்தில் பெரும் பாதுகாப்புப் பணி நடப்பதால் புத்தகங்களை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இணையத்தில் சுற்றும் பழைய படத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் வெற்று அலமாரிகளைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் கில்டேர் தெருவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். கட்டணம் இல்லை. ஞாயிறும் திங்களும் பிற்பகல் 1 மணிக்குத்தான் திறக்கும் என்பதை மறந்து காலையில் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள் அதிகம். உள்ளே பிள்ளைகள் அசையாமல் நிற்கும் இடம் சதுப்பு நிலத்தில் கிடைத்த மனித உடல்கள். 2003இல் கிடைத்த குளோனிகேவன் மனிதனின் தலைமுடி இன்னும் அப்படியே தூக்கிக் கட்டியபடி நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த மனிதன் பைன் பிசின் கலந்த களிம்பைத் தலையில் தடவியிருக்கிறான். பயப்படும் வயதென்றால் தவிர்த்துவிடலாம். உடல்களைத் தனித்தனிச் சுற்றறைகளுக்குள் வைத்திருப்பதால் எதிர்பாராமல் கண்ணில் படாது.

மதியச் சாப்பாட்டுக்கு டேம் தெருவிலிருந்து சந்துக்குள் திரும்பினால் ஸ்டாக்ஸ் ஹெட் என்ற பப். பிறகு டப்ளின் கோட்டை வளாகத்துக்குள் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம். அதுவும் இலவசம், கீழை நாட்டுச் சுவடிகளும் ஓவியங்களும் அருமையாக இருக்கும். கடைசியில் கிறைஸ்ட் சர்ச். அதன் நிலவறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து பதனமாகிப்போன பூனையும் எலியும் இருக்கின்றன. எலியைத் துரத்திய பூனை ஆர்கன் இசைக்கருவியின் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. 1860களில் இரண்டையும் சேர்த்து எடுத்தார்கள். பேராலயத்தைப் பற்றி வேறெதுவும் நினைவில்லாத பிள்ளைக்கும் அந்தப் பூனை நினைவிருக்கும். பக்கத்திலேயே, ஒரு மூடுபாலத்தால் இணைந்த கட்டடத்தில், வைக்கிங் காலத்து டப்ளினைக் காட்டும் டப்ளினியா கண்காட்சி. தொட்டுப் பார்க்கவும் உடை போட்டுப் பார்க்கவும் விடுவார்கள்.

இரண்டாம் நாள் மேற்குப் பக்கம்: கில்மெய்னம் சிறை, கின்னஸ் என்ற கறுப்புப் பீரின் கதையைச் சொல்லும் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ், நேரம் இருந்தால் ஃபீனிக்ஸ் பூங்கா. மூன்றாம் நாள் வடக்கே கிளாஸ்னெவின். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்துக்கு ஆகச் சிறந்த நாள் இதுதான் என்போம். தேசியத் தாவரவியல் பூங்கா இலவசம்; இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த பழைய பசுமைக் கூடங்கள், மழை பெய்தாலும் உள்ளே வெதுவெதுப்பு. உருளைக்கிழங்கைத் தாக்கி நாட்டையே பஞ்சத்தில் தள்ளிய கருகல் நோயை 1845 ஆகஸ்ட் 20 அன்று இந்தப் பூங்காவில்தான் டேவிட் மூர் கண்டறிந்து குறித்தார். ஒட்டியே 1832இல் திறந்த கிளாஸ்னெவின் இடுகாடு. அதன் பழைய வாசலுக்குப் பக்கத்தில் 1833 முதல் இருக்கும் ஜான் கவனாவின் பப். ஊரார் அதைக் கிரேவ்டிகர்ஸ், அதாவது குழிவெட்டிகள் கடை, என்றே சொல்வார்கள். தொலைக்காட்சி கிடையாது, பாட்டு கிடையாது. மரப் பலகைகள் கறுத்துப்போன அந்த முன்னறையில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கில்மெய்னம் சிறைக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லையே?

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் இடங்கள் குறைவு. 28 நாளுக்கு முன்பு இணையத்தில் டிக்கெட் திறக்கும். கோடைக்காலத்தில் திறந்த வேகத்தில் தீரும். தவறவிட்டால், போக நினைக்கும் நாளின் காலை 9 மணி தாண்டியதும் அதே தளத்தைப் பாருங்கள். ரத்தான இடங்களைச் சிறிது நேரம் விற்பனைக்கு விடுவார்கள். நான்கு பேருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது. வாசலில் போய் நின்று பயனில்லை.

1796இல் திறந்து 1924இல் மூடிய சிறை அது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் 14 பேரை அதன் கல்லுடைக்கும் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஜோசப் பிளங்கெட், சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைச் சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபர்டைத் திருமணம் செய்துகொண்டார். கதையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரு மணி நேரத்தைப் பொறுமையாகக் கடப்பார்கள். உள்ளே குளிரும், கோடையிலும் மேலங்கி தேவை.

கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் பிள்ளைகளோடு போகத் தக்கதா?

போகலாம், 18 வயதுக்குட்பட்டோர் பெரியவரோடு வர வேண்டும். ஆனால் மது காய்ச்சும் இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்காதீர்கள். 1904இல் கட்டி முடித்த பழைய நொதிப்புக் கட்டடத்தை ஏழு தளக் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். 1759இல் ஆர்தர் கின்னஸ் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக்கு எழுதிய குத்தகைப் பத்திரம் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. டிக்கெட்டில் ஒரு பைன்ட் (ஒரு பெரிய குவளை) கின்னஸ் அடங்கும், பிள்ளைகளுக்குக் குளிர்பானம். உச்சித் தளத்து வட்டக் கூடத்திலிருந்து நகரம் முழுதும் தெரியும். ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சலிக்கும், சத்தமும் அதிகம். அவர்களை ஒருவர் ஃபீனிக்ஸ் பூங்காவுக்கு அழைத்துப் போவது மேல்: 707 ஹெக்டேர், உள்ளேயே 1831இல் திறந்த மிருகக்காட்சிசாலை, சுதந்திரமாகத் திரியும் மான்கள். மானுக்குத் தீனி கொடுக்கக் கூடாது, 50 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

டிக்கெட் விலை நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். வார நாள் காலை மலிவு, சனி பிற்பகல் விலை அதிகம்.

எந்தெந்தப் பப்?

டெம்பிள் பார் என்ற சுற்றுலாப் பகுதியைப் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கே குடிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நகரத்தின் மற்ற இடங்களில் ஒரு பைன்ட் 6, 7 யூரோ வாக்கில் கிடைக்கும். அங்கே 9, 10 யூரோ, சில கடைகளில் அதற்கும் மேல். பானமும் அதுதான், பீப்பாயும் அதுதான். விலைப்பட்டியலை வாசலில் வைக்க வேண்டும் என்பது சட்டம், படித்துவிட்டே நுழையலாம்.

ஸ்டாக்ஸ் ஹெட்டை முதல் நாள் சொன்னோம். 1895இல் அமைத்த விக்டோரியக் காலத்து உள்ளறை: வண்ணக் கண்ணாடி, பளிங்கு மேடை, மேலே மான் தலை. சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால், சிவப்புக் கூரையும் கண்ணாடிகளுமாக அதைவிட அழகு, ஆனால் சாப்பாட்டுக்காகப் போகும் கடை அல்ல. பூல்பெக் தெருவின் முல்லிகன்ஸில் கின்னஸ் நன்றாக இருக்கும் என்று ஊரே சொல்லும். அழகு பார்க்க அங்கே எதுவும் இல்லை. சவுத் வில்லியம் தெருவில் குரோகன்ஸ், சூடான சீஸ் சாண்ட்விச்சுக்குப் பேர்போனது. சுவர் முழுக்க விற்பனைக்குத் தொங்கும் ஓவியங்கள், வெயிலடித்தால் வெளியே மேசைகள். பிள்ளைகளோடு மதியம் உட்காரச் சரியான இடம்.

பிரிட்ஜ் தெருவின் பிரேசன் ஹெட் 1198 முதல் இருப்பதாகச் சுவரிலேயே எழுதியிருக்கும். இப்போதுள்ள கட்டடம் 1754 வாக்கில் எழுந்தது. கல் முற்றமும் பல அறைகளும் இருப்பதால் குடும்பத்தோடு 5 மணி வாக்கில் சாப்பிட வசதி. பாக்கட் தெருவில் டோனர்ஸ். கதவுக்குப் பக்கத்தில் நான்கைந்து பேர் உட்காரும் மரத் தடுப்பறை, ‘ஸ்னக்’ என்பார்கள். பெண்கள் பப்புக்கு வருவதே பேச்சாக இருந்த காலத்தில் கண்ணில் படாமல் உட்கார வைத்த அறை அது. இன்று கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு அதைப் போல நிம்மதியான இடம் கிடையாது. அதற்குத் திறந்த உடனே போய்விட வேண்டும்.

கின்னஸ் ஊற்ற ஏன் இவ்வளவு நேரம்?

கின்னஸில் கரியமில வாயுவோடு நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. நைட்ரஜன் குமிழிகள் மிகப் பொடியானவை, அதனால்தான் நுரை பாலாடை போல நிற்கிறது. கண்ணாடிக் குவளையை 45 பாகை சாய்த்து முக்கால் பங்குக்கு மேல் ஊற்றுவார்கள். பிறகு கவுன்ட்டரிலேயே விட்டுவிடுவார்கள். பழுப்பாகக் கலங்கிய திரவம் மெல்லத் தெளிந்து கறுத்து, நுரை மேலே பிரிந்து நிற்கும். அப்புறம்தான் மீதியை ஊற்றி, நுரை விளிம்புக்குச் சற்று மேலே குவிந்து நிற்கும்படி முடிப்பார்கள். நிறுவனம் சொல்லும் கணக்கு 119.5 வினாடி. பாதியில் கையை நீட்டி எடுக்காதீர்கள். வெளியூர்க்காரர் செய்யும் முதல் தவறு அது. கூட்டமான நேரத்தில் கின்னஸை முதலில் சொல்லுங்கள். மற்ற பானங்களை அது படிவதற்குள் ஊற்றிவிடுவார்கள். கடைசியில் சொன்னால் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

குமிழிகள் கண்ணாடி ஓரமாகக் கீழே இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவில் குமிழிகள் மேலே ஏற, திரவம் ஓரம் வழியாகக் கீழே திரும்புகிறது. அந்த ஓட்டம் ஓரத்துக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. குவளையின் சரிவான வடிவம்தான் காரணம். நுரை சட்டென்று அடங்கிப்போனால் பெரும்பாலும் குவளையில் எண்ணெய்ப் பசையோ சோப்போ ஒட்டியிருக்கிறது. தயங்காமல் மாற்றச் சொல்லலாம்.

அளவும் பேச்சும் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றால்?

ஒரு பைன்ட் 568 மில்லி. ‘எ கிளாஸ் ஆஃப் கின்னஸ்’ என்று கேட்டால் அதில் பாதி, 284 மில்லிதான் வரும். பப் உலாவுக்கு அதுவே புத்திசாலித்தனம்: 4.2 சதவீத கின்னஸ் ஒரு பைன்டில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. விஸ்கி ஒரு அளவு 35.5 மில்லி, நம் ஊர் 30, 60 கணக்கு செல்லாது. குடிக்காதவர்கள் ஆல்கஹால் இல்லாத கின்னஸைக் கேட்கலாம், தேநீரும் கிடைக்கும். யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கருந்திராட்சைச் சாறு, கிளப் ஆரஞ்சு, அயர்லாந்துக்கே உரிய சிவப்பு லெமனேடு. கூடவே டேட்டோ வறுவல் ஒரு பாக்கெட்.

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, நீங்களே தூக்கி வர வேண்டும். வரிசை கிடையாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது பார்மேனுக்குத் தெரியும். விரலைச் சொடுக்குவதும் பணத்தாளை ஆட்டுவதும் வேலையைக் கெடுக்கும். கவுன்ட்டரில் டிப்ஸ் வழக்கம் இல்லை. மேசைக்கு வந்து சாப்பாடு பரிமாறினால் 10 சதவீதம் வாக்கில் வைக்கலாம்.

‘ரவுண்ட்’ முறையும் உண்டு: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். பக்கத்து மேசைக்காரர் உங்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் திருப்பி வாங்கிக் கொடுக்காமல் எழுந்து போவது அழகல்ல. பிள்ளைகளோடு சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் முதலிலேயே சொல்லி மறுத்துவிடலாம்.

சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும், சீஸ் டோஸ்டி, உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆகியவை சாப்பாடு போடும் எல்லா இடத்திலும் உண்டு. சூப்பில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். ‘டோஸ்டட் ஸ்பெஷல்’ என்றால் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ‘காடில்’ என்ற டப்ளின் குழம்பு முழுக்கத் தொத்திறைச்சியும் பன்றியும்தான். கின்னஸைத் தெளியவைக்க முன்பு மீனின் காற்றுப் பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தார்கள். 2018 வாக்கில் எல்லா வகையிலும் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சைவர்களும் குடிக்கலாம்.

நேரடி இசையைப் பிள்ளைகளோடு கேட்க முடியுமா?

முடியும், பிற்பகலில். இரவு இசை அமர்வுகள் 9, 9.30க்குத் தொடங்கும், மே முதல் செப்டம்பர் வரை தவிர அதற்குள் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும். ஸ்மித்ஃபீல்டில் கோபிள்ஸ்டோன் போன்ற கடைகளில் வார இறுதிகளில் பிற்பகலிலேயே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்றைய நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேடை இருக்காது. ஒரு மூலையில் ஃபிடில், புல்லாங்குழல், முழங்கையால் காற்றடிக்கும் இல்லன் பைப், பவ்ரான் மேளம் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூலையின் காலி நாற்காலி காலி அல்ல. வரவேண்டிய கலைஞருக்கு உரியது. தனியாக ஒருவர் பாடத் தொடங்கினால் கடையே அடங்கும், நீங்களும் அடங்குங்கள். பாட்டு கேட்டு நச்சரிக்கவோ மேளத்தைத் தொடவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இரவுப் பப்பும் வேண்டும் என்றால் இருவராகப் பிரிந்து ஆளுக்கொரு இரவு போவதுதான் நடைமுறை. கார் எடுத்திருந்தால் ஓட்டுபவர் தொடவே வேண்டாம். 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு.

பேருந்து, டிராமுக்கு என்ன எடுப்பது?

லீப் கார்டு என்ற பயண அட்டை. பெரியவருக்கு 2 யூரோவில் 90 நிமிடம் பேருந்து, லூவாஸ் டிராம், டார்ட் ரயில் எல்லாவற்றிலும் மாறி மாறிப் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குத் தனியே பிள்ளைகள் கார்டு. பேருந்தில் ஏறும்போது மட்டும் வலப்பக்கக் கருவியில் தொட வேண்டும்; டிராமிலும் ரயிலிலும் இறங்கியும் தொட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் ரொக்கமென்றால் சரியான சில்லறை தேவை, பணத்தாள் வாங்க மாட்டார்கள். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, பேருந்துதான்.

எந்த மாதம் போவது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் இரவு 10 மணி வரை வெளிச்சம், பிள்ளைகளுக்கும் 10 மணி வரை அனுமதி. டிசம்பரில் மாலை 4 மணி தாண்டினால் இருட்டு. மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் ஊர்வலத்தை மட்டும் பாருங்கள். அன்று பிள்ளைகளோடு பப் பக்கம் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் நாளில் பப்புகள் மூடியிருக்கும். மழை எந்த மாதமும் வரும், குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைச் சட்டைதான் உதவும்.

ஷெங்கன் விசா இருந்தால் போதுமா?

போதாது. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்தின் தனி விசா வேண்டும். பிரிட்டன் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், பிரிட்டனுக்கு முதலில் போய்விட்டு அதே விசாவில் டப்ளின் வரலாம்.

கழிப்பறை?

பொதுக் கழிப்பறை மிகக் குறைவு, அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் போய்வந்துவிடுங்கள். பழைய பப்புகளில் செங்குத்தான படியிறங்கி நிலவறைக்குப் போக வேண்டியிருக்கும், தள்ளுவண்டியை மேலேயே விட வேண்டும். கதவில் ஐரிஷ் மொழியில் மட்டும் எழுதியிருந்தால் ‘எம்’ எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு, ‘எஃப்’ எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் நேர்மாறாக நுழைகிறவர்கள் தினமும் உண்டு.